எங்கள் ஊர் ஓட்டுப் பள்ளிக்கூடம்

இன்று ஊருக்குப் போனபோது பழைய பள்ளிக்கூடத்துக்குள் கொஞ்ச நேரம் நின்றேன். ஒரே நீள அறை. ஓடுகள் அங்கங்கே சரிந்துவிட்டன. நான் சிலேட்டோடு உட்கார்ந்த மூலையில் தென்னை மட்டை அடுக்கியிருக்கிறார்கள்.

முதலில் அது ஓலைப்புரைதானாம். மண் சுமந்தது, ஓலை முடைந்தது எல்லாம் ஊர்க்காரர்களே. "அக்கானி வித்த காசுலதான் மக்கா ஓடு வாங்கிப் போட்டோம்" என்று பாட்டி சொல்வார். அக்கானி என்றால் பதநீர். பாட்டிக்குக் கையெழுத்துப் போடத் தெரியாது.

எங்கள் கன்னியாகுமரிப் பக்கத்தில் இந்தப் படிப்பு ஆசைக்கு வயது இருநூறைத் தாண்டும். 1806இல் மயிலாடிக்கு வந்த மிஷனரி ரிங்கல்தௌபே, சபைகளோடு பள்ளிகளையும் தொடங்கினார். 1817இல் எங்கள் பகுதியை ஆண்ட திருவிதாங்கூர் ராணி கௌரி பார்வதி பாய், கல்விச் செலவை அரசே ஏற்க வேண்டும் என்று ஆணையிட்டார். ஆனாலும் எல்லாப் பிள்ளைகளுக்கும் கதவு திறக்கவில்லை. மார்பை மறைத்துத் துணி உடுத்தும் உரிமைக்கே 1859 வரை போராடிய பெண்களின் ஊர் இது. அவர்களுடைய பேத்திகள் எழுத்துக்கூட்டிப் படித்ததை நினைத்தால் எனக்குத் தொண்டை அடைக்கிறது.

அப்புறம் 1956 நவம்பர் 1, திருவிதாங்கூர் பக்கம் இருந்த எங்கள் கன்னியாகுமரி மாவட்டம் தமிழகத்தோடு இணைந்த நாள். அப்பா அப்போது இதே அறையில்தான் படித்துக்கொண்டிருந்தார்.

மணிக்குப் பதிலாகத் தொங்கிய தண்டவாளத் துண்டு இன்னும் வேப்பமரத்தில் இருக்கிறது. ஒரு கல்லெடுத்துத் தட்டினேன். அதே சத்தம்!

கட்டடத்தை இடிக்கப் பேச்சு நடக்கிறது. அதற்குள் ஒன்று செய்யலாம். யார் வீட்டிலாவது பழைய வகுப்புப் படம் இருந்தால் எனக்கு அனுப்புங்கள், சேர்த்து வைக்கிறேன்.