சைலஸ் மார்னரின் பொற்காசுகள்

செல்வத்தால் மகிழ்ச்சி வராது என்று சொல்லும் கதைகளுக்குப் பஞ்சமில்லை. ஜார்ஜ் எலியட் என்ற புனைபெயரில் மேரி ஆன் எவன்ஸ் எழுதி, 1861இல் வெளிவந்த ‘சைலஸ் மார்னர்’ நாவலையும் பலர் அந்த வரிசையிலேயே வைக்கிறார்கள்: கருமியான ஒரு நெசவாளி பொன்னைப் பறிகொடுக்கிறான், ஒரு குழந்தையைக் கண்டெடுக்கிறான், மனம் மாறுகிறான். அண்மையில் அதை மீண்டும் வாசித்தபோது, இந்தச் சுருக்கம் நாவலுக்கு இழைக்கும் அநீதி எனக்கு நன்றாகவே உறைத்தது. சைலஸை, ஈயாமல் சேர்த்து வைத்தே பொருளை இழப்பவர்களாகத் திருக்குறள் சொல்லும் ‘வைத்திழக்கும் வன்கணவர்’ கூட்டத்தில் சேர்த்துவிட முடியாது. அவன் பொன்னிடம் போன வழியைப் பின்தொடர்ந்தால், பேராசை எங்குமே தென்படுவதில்லை.

இளமையில் அவன் வடக்கே ஒரு தொழில் நகரத்தில், லான்டர்ன் யார்டு என்ற சிறிய சமயச் சபையைச் சேர்ந்தவனாக வாழ்ந்தான். வாரக் கூலியில் பெரும்பகுதி சபைக்கும் தருமத்துக்கும் போய்விடும். அதை அவன் பொருட்படுத்தியதே இல்லை. உயிர்த்தோழன் வில்லியம் டேன் தான் செய்த திருட்டை அவன் மேல் சுமத்துகிறான். சபையார் சீட்டுப் போட்டுப் பார்த்து, சீட்டு சொன்னபடி அவனைக் குற்றவாளி என்கிறார்கள். அவனுக்கு நிச்சயிக்கப்பட்டிருந்த சாரா அந்தத் தோழனையே மணந்துகொள்கிறாள். கடவுள், நட்பு, காதல் மூன்றும் ஒருசேரக் கைவிட்ட பிறகுதான் அவன் ராவலோ கிராமத்துக்கு வந்து, கைவிடப்பட்ட ஒரு கல்குழியின் அருகே தறி போடுகிறான். அங்கே முதன்முறையாக கினி என்ற பொன் நாணயங்கள் ஐந்து அவன் உள்ளங்கையில் விழுகின்றன. கொடுப்பதற்கு யாரும் இல்லாததால் அவை அவனிடமே தங்கிவிடுகின்றன. தன்னை விட்டுப் போகாத ஒன்று இருக்கிறது என்ற ஆறுதல்தான் அவனை அந்தக் காசுகளோடு பிணைக்கிறது. தறிக்கு அடியில் செங்கல்லைப் பெயர்த்து அவற்றைப் புதைத்து வைக்கிறான். இரவில் கதவடைத்து எடுத்துத் தடவிப் பார்க்கிறான். இன்னும் நெய்து முடிக்காத துணியிலிருந்து வரப்போகும் காசுகளைப் பிறக்காத பிள்ளைகளைப் போல எண்ணிப் பூரிக்கிறான். பாசம் வைக்க ஆளில்லாதவனின் பாசம் அது.

இதற்குச் சாட்சியாக ஒரு மண்பானையைக் காட்டுகிறார் எலியட். பன்னிரண்டு ஆண்டுகளாக அவன் தண்ணீர் கொண்டுவந்த பழுப்பு நிறப் பானை, ஒருநாள் வேலித்தடுப்பைக் கடக்கும்போது தடுக்கி விழுந்து மூன்று துண்டாகிறது. இனி அதில் தண்ணீர் நிற்காது என்று தெரிந்தும், துண்டுகளைப் பொறுக்கி எடுத்துவந்து, ஒட்டவைத்து, பழைய இடத்திலேயே நினைவுப் பொருளாக நிறுத்தி வைக்கிறான். கருமிக்கு உடைந்த பானையால் என்ன பயன்? நாவலில் ஒரு பத்திக்கு மேல் நீளாத இந்த நிகழ்ச்சியைக் கவனிக்காமல் தாண்டிப் போனவர்களுக்கு, பின்னால் அந்தக் குழந்தை செய்யும் மாற்றம் வெறும் அற்புதமாகத்தான் தெரியும். வற்றிவிட்டதாக அவனே நம்பிய ஊற்று உள்ளே கசிந்துகொண்டே இருந்தது என்பதை எலியட் முன்கூட்டியே நமக்குச் சொல்லிவிடுகிறார்.

272 பவுண்டுக்குச் சற்று மேலாகச் சேர்ந்திருந்த அந்தப் பொன் ஓர் இரவில் களவு போகிறது. பதினைந்து ஆண்டுகளாக அவனைக் கண்டு ஒதுங்கிய ஊர் அவனுக்காக இரங்குகிறது. டாலி வின்த்ராப் தன் சிறுவனைக் கூட்டிக்கொண்டு, பலகாரத்தோடு அவன் கதவைத் தட்டுகிறாள். பிறகு ஒரு புத்தாண்டு முன்னிரவில், கணப்பின் எதிரே தரையில் ஏதோ பொன்னாக மின்னுவதைக் கண்டு, போனது திரும்பிவிட்டது என்று கை நீட்டுகிறான். விரல்களில் படுவது இளஞ்சூடான குழந்தையின் சுருட்டை முடி. பனியில் இறந்து கிடந்த ஒரு தாயின் பிள்ளை அது. இறந்துபோன தன் தங்கையின் பெயரையே சுருக்கி எப்பி என்று அழைத்து அவன் வளர்க்கிறான்.

பொன் அவன் எண்ணங்களைச் செக்குமாடு போல ஒரே வட்டத்தில் சுற்ற வைத்தது. எப்பி அவற்றை வெளியே இழுத்துவந்தாள். தறியில் இருக்கும்போது அவள் தொலைந்துவிடாதபடி துணிப்பட்டையால் கட்டி வைக்கிறான். அவளோ கத்தரிக்கோலை எடுத்துப் பட்டையை வெட்டிவிட்டு ஓடிவிடுகிறாள். பையிலிருந்த காசுகள் ஒருநாளும் இப்படி அவனைப் பதறித் தேட வைத்ததில்லை, வேலையைக் கெடுத்ததில்லை, எதிர்த்து நின்றதில்லை. மகிழ்ச்சி இந்தத் தொந்தரவோடு சேர்ந்துதான் அவன் வீட்டுக்குள் வருகிறது. நாவலில் நான் மிகவும் மதிக்கும் இடம் இது.

எப்பியைப் பெற்ற தந்தை காட்ஃபிரி கேஸ், ஊரின் பெரிய குடும்பத்து மகன். இரகசியத் திருமணத்தை மறைத்து, குழந்தையையும் மறுத்து, நான்சியை மணக்கிறான். அவர்களின் ஒரே குழந்தை இறந்துபோவதை அவனுக்கான தண்டனையாகக் கதை நிறுத்துவது எனக்கு உவப்பாக இல்லை. குற்றமற்ற நான்சியும் அல்லவா அதில் சேர்ந்து துன்பப்படுகிறாள்?

பதினாறு ஆண்டுகள் கழித்துக் கல்குழியில் தேங்கியிருந்த நீர் வற்றும்போது, பொன்னைத் திருடிய காட்ஃபிரியின் தம்பி டன்ஸ்டனின் எலும்புக்கூட்டோடு பொன்னும் கிடைக்கிறது. அன்றிரவு மேசைமேல் அது வரிசையாக அடுக்கப்பட்டு மெழுகுவத்தி வெளிச்சத்தில் மின்னும்போதுதான், எப்பியைத் தங்கள் மகளாக அழைத்துப்போக காட்ஃபிரியும் நான்சியும் வருகிறார்கள். அவள் மறுப்பதைத்தான் எல்லோரும் பாராட்டிப் பேசுகிறார்கள். அதற்கு முன்பு சைலஸ் சொல்வது என்னை அதைவிட அதிகமாக அசைக்கிறது: நீயே சொல் அம்மா, உன் வழியில் நான் நிற்கமாட்டேன் என்கிறான். போய்விடாத ஒன்றைத் தேடிப் பொன்னைப் புதைத்தவன், உயிரான மகள் போய்விடக்கூடும் என்று தெரிந்தே கதவைத் திறந்து வைக்கிறான். அப்படித் திறந்து வைத்த பிறகுதான் அவள் அவன் கையைப் பற்றிக்கொண்டு, இந்த அப்பாவைத் தவிர வேறு அப்பாவை நினைக்க முடியாது என்று வந்தவர்களிடம் சொல்கிறாள்.