பழைய பிளாக்கில் எம்.எம்.ஆர். ஆய்வு: பெருங்குடல் புற்றுநோயில் தீசிஸ் எடுப்பவர்களுக்கு

பெருங்குடல், மலக்குடல் புற்றுநோயில் எம்.எம்.ஆர். புரதங்களும் நோயின் போக்கும் என்ற தலைப்பு நோயியல் முதுநிலை மாணவர்களுக்கு வசதியாகத் தெரியும். எம்.எம்.ஆர். என்பது டி.என்.ஏ. நகலெடுப்பில் வரும் பிழைகளைத் திருத்தும் புரதக் குழு; எம்.எல்.எச்.1, பி.எம்.எஸ்.2, எம்.எஸ்.எச்.2, எம்.எஸ்.எச்.6 ஆகிய நான்கைப் பார்க்கிறோம். அவற்றை ஸ்லைடில் காட்டும் நான்கு ஆன்டிபாடி, பீரோவில் கிடக்கும் பாரஃபின் பிளாக்குகள் (மெழுகில் பதித்த திசு), நோயாளி விவரங்களுக்கு ஒரு மாஸ்டர் சார்ட், அவ்வளவுதானே என்று தோன்றும். ஸ்டெயினிங் சீக்கிரம் முடிந்துவிடும். அதற்கு முன்னால் திசுவைப் பதப்படுத்தும் ஃபார்மலினிலும், பின்னால் நோயாளியின் நிலையைத் தொடர்ந்து விசாரிக்கும் ஃபாலோ அப்பிலும்தான் ஆய்வு மாட்டிக்கொள்கிறது.

முதலில் எத்திக்ஸ் கமிட்டி. மிச்சமிருக்கும் திசுவை அடையாளம் நீக்கிப் பயன்படுத்துவதானால், ஒப்புதல் வாங்குவதிலிருந்து விலக்கு கேட்க இந்திய மருத்துவ ஆராய்ச்சி கவுன்சிலின் (ஐ.சி.எம்.ஆர்.) 2017 நெறிமுறைகளில் இடமுண்டு. ஆனால் நோயாளி இருக்கிறாரா, இல்லையா என்று வீட்டுக்கு ஃபோன் போடப் போகிறோம் என்றால் அது அடையாளம் நீக்கிய ஆய்வு ஆகாது. ஃபோனில் யார், என்ன பேசுவார்கள் என்பதை எழுதி விண்ணப்பத்தோடே வைத்துவிடுங்கள். பாதியில் திருத்தம் கேட்டால் மாதக்கணக்கில் இழுக்கும்.

பிளாக்கை ரிப்போர்ட்டைப் பார்த்துத் தேர்ந்தெடுக்கக் கூடாது. வழக்கமான சாயமேற்றிய எச் அண்ட் இ ஸ்லைடைப் பார்த்துத்தான் எடுக்க வேண்டும். ஒரே பிளாக்கில் உயிருள்ள கட்டியும், ஒட்டிய சாதாரண மியூகோசாவும் (குடலின் உள்சவ்வு), கொஞ்சம் லிம்ஃபோசைட்டும் (ஒரு வகை வெள்ளணு) இருந்தால் பாதி வேலை முடிந்த மாதிரி. மலக்குடல் கட்டிக்கு அறுவைக்கு முன் கீமோவும் ரேடியேஷனும் கொடுத்திருந்தால், அறுவை பிளாக்கை விட்டுவிட்டு முதல் பயாப்சியை எடுங்கள். சிகிச்சைக்குப் பிறகு எம்.எஸ்.எச்.6 வெளிறிப்போகும்; அதைப் புரத இழப்பு என்று படித்துவிடும் ஆபத்து உண்டு.

10 சதவீத நியூட்ரல் பஃபர்டு ஃபார்மலினில் 6 முதல் 72 மணி நேரம் என்பது விதி. சனிக்கிழமை மாலை வந்த குடலைத் திறக்காமல் அப்படியே டப்பாவில் போட்டு, திங்கட்கிழமை கிராஸிங் (வெட்டித் துண்டெடுப்பது) செய்திருந்தால் வெளிச்சுவர் மட்டும் பதப்பட்டிருக்கும். உள்ளே மியூகோசா கரைந்திருக்கும். ஃபார்மலின் மணிக்கு ஏறத்தாழ 1 மி.மீ. வேகத்தில்தான் உள்ளே போகிறது. அப்படிப்பட்ட பிளாக்கை எந்த ரிட்ரீவலும் (ஃபார்மலினில் மறைந்த புரதத்தைச் சூட்டால் வெளிக்கொணர்வது) காப்பாற்றாது.

நாங்கள் செய்யும் முறை: 3 முதல் 4 மைக்ரான் செக்‌ஷன், சார்ஜ்டு ஸ்லைடில், 60 டிகிரியில் 1 மணி நேரம். பிறகு பாரஃபின் நீக்கி, டிரிஸ்-இ.டி.டி.ஏ. பி.எச். 9 கரைசலில் பிரஷர் குக்கரில் ரிட்ரீவல். குக்கரை இறக்கியதும் ஸ்லைடை வெளியே எடுக்காமல், கரைசலோடு 20 நிமிடம் ஆறவிட வேண்டும். அவசரப்பட்டால் செக்‌ஷன் உரிந்து மிதக்கும். 3 சதவீத பெராக்சைடு, பிறகு பிரைமரி ஆன்டிபாடி, அதைப் பற்றும் பாலிமர், பழுப்பு நிறம் தரும் டி.ஏ.பி. நடுவில் எந்தக் கட்டத்திலும் ஸ்லைடு காயக் கூடாது. காய்ந்தால் ஓரமெல்லாம் பழுப்பாக வரும். நீலச் சாயமான ஹீமடாக்சிலினைக் கெட்டியாக ஏற்றினால் மெலிதான நியூக்ளியர் ஸ்டெயின் நீலத்துக்குள் ஒளிந்துகொள்ளும். கடைசிக் கட்டம்தானே என்று இதை அசட்டையாகச் செய்பவர்கள் அதிகம்.

படிக்கும்போது முதலில் கட்டியைப் பார்க்காதீர்கள். ஸ்ட்ரோமாவில் (கட்டியைத் தாங்கும் இணைப்புத் திசு) உள்ள லிம்ஃபோசைட், ஃபைப்ரோபிளாஸ்ட், சாதாரண கிரிப்டின் (குடல் சுரப்பிக் குழி) அடிப்பகுதி ஆகியவற்றின் நியூக்ளியஸ் பழுப்பாக இருக்கிறதா என்று பாருங்கள். இவைதான் இன்டர்னல் கன்ட்ரோல்; பழுப்பாக இருந்தால்தான் அந்த இடத்தில் கட்டியைப் படிக்கலாம். பதப்படாத பெரிய கட்டியில் ஓரத்தில் நல்ல ஸ்டெயின் இருக்கும், நடுவில் ஒன்றும் இருக்காது. அங்கே லிம்ஃபோசைட்டும் வெறும் நீலமாகத்தான் நிற்கும். அது இழப்பு அல்ல, படிக்க முடியாத இடம். பக்கத்து லிம்ஃபோசைட் பழுப்பாக இருக்க, கட்டி செல் முழுக்க நீலமாக இருந்தால்தான் இழப்பு. சைட்டோபிளாசம் மட்டும் பழுப்பானால் கணக்கில் சேராது. எம்.எல்.எச்.1-இல் நியூக்ளியஸுக்குள் புள்ளி புள்ளியாக மட்டும் வந்தால் அதைப் பாசிட்டிவ் என்று எழுதிவிடாமல் பி.எம்.எஸ்.2 ஸ்லைடோடு சேர்த்துப் பாருங்கள்.

புரதங்கள் ஜோடியாக நிற்பவை. எம்.எல்.எச்.1 போனால் பி.எம்.எஸ்.2-வும் போகும், எம்.எஸ்.எச்.2 போனால் எம்.எஸ்.எச்.6-உம் போகும். எதிர்த்திசையில் அப்படி நடக்காது. எம்.எல்.எச்.1 மட்டும் போய் பி.எம்.எஸ்.2 பளிச்சென்று இருந்தால், மரபணுவைச் சந்தேகிக்கும் முன் ஸ்லைடைச் சந்தேகித்து மறுபடி போடுங்கள். எம்.எல்.எச்.1 இழந்த கட்டிகளுக்கு பிராஃப் மரபணுவில் வி600இ என்ற மாற்றம் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். அது இருந்தால் பெரும்பாலும் மெத்திலேஷனால் (கட்டியில் மரபணு வேதிமுறையில் அணைக்கப்படுவது) வந்தது; பரம்பரையாக வரும் லிஞ்ச் நோய்க்குறியாக இருக்க வாய்ப்பு மிகக் குறைவு. இல்லையென்றால் மெத்திலேஷன் சோதனையும், தேவைப்பட்டால் மரபணு ஆலோசனையும். இது ஒரு குடும்பத்தின் விஷயம் என்பதால், தீசிஸுக்காகப் பார்த்த முடிவை யாரிடம், எப்படித் தெரிவிப்பது என்பதும் எத்திக்ஸ் விண்ணப்பத்தில் இருக்க வேண்டும்.

இனி மாஸ்டர் சார்ட். காலத்தை எங்கிருந்து எண்ணுகிறோம்? அறுவை நாளா, பயாப்சி நாளா? ஒன்றை முடிவுசெய்து எல்லாருக்கும் அதையே வையுங்கள். ஃபோன் எடுக்காதவருக்கு ‘உயிருடன்’ என்று போடக் கூடாது, கடைசியாக ஓ.பி.க்கு வந்த தேதியோடு கணக்கை நிறுத்த வேண்டும். அறுவைக்குப் பின் 30 நாளுக்குள் இறந்தவர்களைச் சேர்ப்பதா, விடுவதா என்பதை முடிவுகளைப் பார்க்கும் முன்பே எழுதிவிடுங்கள். பழைய ரிப்போர்ட்டின் ஸ்டேஜை அப்படியே நகலெடுக்காமல், எல்லாவற்றையும் ஏ.ஜே.சி.சி. ஸ்டேஜ் முறையின் எட்டாம் பதிப்புக்கு மாற்றுங்கள். 12 நிணநீர்க் கணுக்களுக்குக் குறைவாக எடுத்திருந்தால் சார்ட்டில் தனி நெடுவரிசை போட்டுக் குறிக்க வேண்டும். ஐந்து கணு பார்த்துவிட்டு ‘ஸ்டேஜ் 2’ என்று எழுதியதில் ஸ்டேஜ் 3 மறைந்திருக்கலாம். சி.இ.ஏ. (ரத்தத்தில் பார்க்கும் கட்டிக் குறியீடு) அறுவைக்கு முந்தையது மட்டும். புகைப்பவர்களிடமும் மஞ்சள் காமாலையிலும் அது தானாகவே ஏறும்.

புள்ளியியலில் பலரும் சறுக்குவது எண்ணிக்கையில். எல்லா ஸ்டேஜும் சேர்த்தால் எம்.எம்.ஆர். குறைபாடு (நான்கில் ஏதாவது புரதம் இழந்த கட்டி) சுமார் 15 சதவீதம். ஸ்டேஜ் 4-இல் 5 சதவீதம் போலத்தான். 60 கேஸில் ஒன்பது பேர் கிடைப்பார்கள், அதில் இறந்தவர்கள் ஓரிருவர். இதை வைத்து, பல காரணிகளைச் சேர்த்து உயிர்வாழ்வைக் கணக்கிடும் காக்ஸ் மாடலில் வயது, ஸ்டேஜ், கிரேடு, இடம் என்று அடுக்கினால் வரும் ஹசார்டு ரேஷியோவுக்கு (இறப்பு அபாய விகிதம்) மதிப்பில்லை. ஒரு மாறிக்குப் பத்து இறப்பாவது வேண்டும் என்பது பழைய தோராயம். பி மதிப்பு 0.05-க்கு மேல் வந்தால் ‘தொடர்பில்லை’ என்று எழுதாமல், நம்பக இடைவெளியைக் கொடுத்து எண்ணிக்கை போதவில்லை என்று எழுதுங்கள். சி.இ.ஏ.வை 5 என்ற வழக்கமான எல்லையில் வெட்டாமல், பி மதிப்பு நன்றாக வரும் இடத்தைத் தேடி வெட்டுவதும் கூடாது.

எல்லா ஸ்டேஜையும் ஒரே கேப்லன்-மையர் உயிர்வாழ்வுக் கோட்டில் போடுவதும் ஏமாற்றும். எம்.எம்.ஆர். குறைபாடு ஸ்டேஜ் 2-இல் நல்ல போக்கைக் காட்டுகிறது. பரவிய நோயில் அந்த நன்மை நிற்பதில்லை, பிராஃப் மாற்றமும் சேர்ந்துகொள்கிறது. ‘கீமோ பலனளிக்குமா’ என்பது வேறு கேள்வி. கீமோ பெற்றவர், பெறாதவர் இருவரையும் ஒப்பிடாமல் அதற்குப் பதில் சொல்ல முடியாது. பழைய பதிவேட்டில் இளையவர்களுக்கும் திடமாக இருந்தவர்களுக்கும்தான் கீமோ போயிருக்கும் என்பதால் அந்த ஒப்பீடும் ஒரு பக்கம் சாய்ந்திருக்கும்.

எழுதும்போது கட்டிக் குறியீட்டு ஆய்வுகளை எழுதுவதற்காக 2005-இல் வெளியான ரிமார்க் வழிகாட்டியை வைத்துக்கொள்ளுங்கள். எத்தனை பிளாக் கேட்டோம், எத்தனை கிடைக்கவில்லை, இன்டர்னல் கன்ட்ரோல் இல்லாமல் எத்தனை கழிந்தன, ஃபாலோ அப்பில் எத்தனை பேர் விட்டுப்போனார்கள் என்று முதல் படத்திலேயே போடுங்கள். தேர்வாளர் முதலில் கேட்பதும் அதைத்தான்.