பாக்தாத் ரயிலைச் சாப்பாட்டு மேசையில் ஓட்டிப் பார்த்த கதை

பாக்தாத் ரயிலை வைத்து நான் உருவாக்கிய பலகை விளையாட்டின் முதல் பலகை குப்பைக்குப் போய்விட்டது. அதைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. நான்கு சார்ட் பேப்பரை ஒட்டி, இடது மேல் மூலையில் இஸ்தான்புல்லின் ஹைதர்பாஷா ஸ்டேஷன், வலது கீழ் மூலையில் பஸ்ரா என்று வரைந்திருந்தேன். 100 கி.மீ. பாதைக்கு ஒரு தீக்குச்சி. கோன்யாவிலிருந்து பாக்தாத் வரை சுமார் 1,600 கி.மீ., அதாவது பதினாறு குச்சி. 1903இல் ஆட்டம் தொடங்கும், சுற்றுக்கு ஒரு வருடம். முதல் உலகப் போருக்கு முன்னால், இன்றைய துருக்கியையும் ஈராக்கையும் ஆண்ட உதுமானியப் பேரரசில் ஜெர்மன் கம்பெனி போட்ட இந்தப் பாதைக்காக நடந்த பேரத்தை வீட்டில் நாலு பேர் உட்கார்ந்து விளையாடிப் பார்க்க வேண்டும் என்பதுதான் என் ஆசை.

அக்கா மகள் ஜெர்மனி. மச்சான் பிரிட்டன், அவருக்கு ஹார்பரில் வேலை, கப்பல் என்றால் தனி உற்சாகம். பக்கத்து வீட்டு சார் (கணக்கு வாத்தியாராக இருந்து ஓய்வு பெற்றவர்) உதுமானியப் பேரரசு. மிஞ்சிய ரஷ்யா எனக்கு.

ஆறே சுற்றில் ஜெர்மனி பதினாறு குச்சியையும் அடுக்கி பாக்தாத்தில் போய் நின்றது.

"மாமா, நான் ஜெயிச்சிட்டேன். அடுத்து என்ன?"

அடுத்து ஒன்றும் இல்லை. நிஜத்தில் நடந்ததோ வேறு. கோன்யாவிலிருந்து புல்குர்லு வரை 200 கி.மீ. 1904 அக்டோபரில் முடிந்தது. அப்புறம் துருக்கியின் தெற்கே உள்ள டாரஸ் மலைக்கு முன்னால் அப்படியே பல வருடம் நின்றது. இரண்டே குச்சியோடு ஏன் நின்றது என்பதை என் ஆட்டம் காட்டவில்லை. பணத்தை மறந்துவிட்டேன்.

இரண்டாவது பலகை: பணம்

இங்கேதான் இரண்டு வாரம் போனது. ஜெர்மனியின் டாய்ச்ச வங்கியின் கம்பெனி ரயில் போட்டது என்று சொல்கிறோமே தவிர, பணத்துக்கு ஜாமீன் நின்றது உதுமானிய கஜானா. 1903 ஒப்பந்தப்படி, போட்டு முடித்த ஒவ்வொரு கிலோமீட்டருக்கும் ஆண்டுக்கு 11,000 பிராங்க் அரசு கொடுக்க வேண்டும். ரயிலை ஓட்டும் செலவுக்கும் கிலோமீட்டருக்கு 4,500 பிராங்க் உத்தரவாதம். வசூல் அதற்குக் குறைந்தால் மீதியை அரசு கட்ட வேண்டும். எங்கள் கணக்கில் ஒரு தீக்குச்சி வைத்தால் சார் வருடா வருடம் 11 லட்சம் பிராங்க் எடுத்து வைக்க வேண்டும். புளியங்கொட்டையைப் பணமாக வைத்து ஆடினோம். மூன்றாவது குச்சியிலேயே சாரின் கிண்ணம் காலி.

சரி, வரியைக் கூட்டலாம் என்றால், அங்கேதான் முடிச்சு. உதுமானிய அரசு தன் சுங்க வரியைத் தானாகக் கூட்ட முடியாது. வல்லரசுகளின் சம்மதம் வேண்டும். 1907இல் 8 சதவீதம் 11 ஆனது, அதுவும் அவர்கள் தலையாட்டிய பிறகு. அதற்கு மேல் 15 ஆக வேண்டுமானால் பிரிட்டன் சம்மதிக்க வேண்டும். பிரிட்டன் சும்மா சம்மதிக்குமா? 'சுங்க அட்டை' என்று ஒன்று செய்து மச்சானின் பக்கத்தில் குப்புற வைத்தேன். அவர் அதன் மேல் டீ டம்ளரை வைத்துக்கொண்டு ஆட்டம் முழுக்க சிரித்துக்கொண்டிருந்தார்.

சாருக்குக் கோபம் வந்துவிட்டது. "நிலம் என்னுது, கடன் என்னுது. வரி போடணும்னா மட்டும் இவர்கிட்ட கேக்கணுமா?" என்றார். விதியைப் படித்துக் காட்டினேன். 1881இலிருந்தே அவருடைய வருமானத்தில் ஒரு பகுதியைக் கடன் கொடுத்தவர்களின் நிர்வாகம் நேரடியாக வசூலித்துக்கொண்டிருந்தது என்பதையும் சொன்னேன். சொல்லாமல் இருந்திருக்கலாம்.

மூன்றாவது பலகை: ஆறு

முதல் இரண்டு பலகையிலும் டைகிரிஸ் நதியை அழகுக்காக நீல ஸ்கெட்ச்சில் வரைந்து விட்டிருந்தேன். மச்சான்தான் கேட்டார்: "ஏன் மாப்ள, பாக்தாத் பக்கத்துலேர்ந்தும் வேலை ஆரம்பிச்சாங்கன்னு சொன்னியே, அங்க தண்டவாளம் எப்படிப் போச்சு?"

ஆற்று வழியாகத்தான் போனது. 1912 ஜூலையில் பாக்தாத்தில் வேலை தொடங்கியபோது தண்டவாளம், இன்ஜின் எல்லாம் கடல் கடந்து பஸ்ராவுக்கு வந்து, அங்கிருந்து டைகிரிஸில் மேலே ஏறின. பஸ்ராவிலிருந்து பாக்தாத்துக்கு ஆற்றின் வளைவு நெளிவோடு சுமார் 800 கி.மீ. ரயிலுக்கு ஆற்றில் படகு விடும் உரிமை வேண்டும் என்று 1903 ஒப்பந்தத்திலேயே எழுதி வாங்கியிருந்தார்கள், கட்டுமானச் சாமான்களுக்கு மட்டும். பயணிகளுக்கும் வியாபாரச் சரக்குக்கும் அந்த ஆற்றில் ஏற்கெனவே ஒரு பிரிட்டிஷ் கம்பெனி இருந்தது: 1861இல் தொடங்கிய லிஞ்ச் சகோதரர்களின் நீராவிப் படகுக் கம்பெனி. கலீஃபா, மெஜிதியே, பிளாஸ் லிஞ்ச் என்று அவர்களுடைய படகுகளுக்குப் பெயர்.

ஆக, ரயிலும் ஆறும் இரண்டு தனிக் கதை இல்லை. ரயில் வந்தால் ஆற்று வியாபாரம் படுத்துவிடும் என்று பிரிட்டனுக்குப் பயம். ஆறு இல்லாமல் ரயில் முடியாது என்று ஜெர்மனிக்குத் தவிப்பு. இது புரிந்த அன்றுதான் ஆட்டத்துக்கு உயிர் வந்தது.

ஆற்றுக்கு நீல உல்லன் நூலை ஒட்டினேன். படகுக்குச் சட்டைப் பொத்தான். தண்ணீர் மட்டத்துக்கு அம்மாவின் தாயம் டப்பாவிலிருந்து ஆறு சோழி. குலுக்கிப் போட்டு இரண்டுக்குக் குறைவாக மல்லாந்தால் படகு மணலில் தட்டி நிற்கும், அந்தச் சுற்றில் தண்டவாளம் வராது. டைகிரிஸில் வெயில் காலத்தில் படகு மணலில் தட்டி நிற்பது நிஜமாகவே வாடிக்கை. மச்சான் டிராஃப்ட் (படகு தண்ணீரில் மூழ்கும் ஆழம்) என்றால் என்ன, தட்டை அடிப்பாகப் படகு எவ்வளவு தண்ணீரில் போகும் என்று அரை மணி நேரம் வகுப்பு எடுத்தார். அந்த வகுப்பின் பலனாக ஒரு விதி மாறியது: சரக்கு ஏற்றிய பொத்தானுக்கு மூன்று சோழி மல்லாக்க வேண்டும்.

சாருக்கும் கையில் ஏதாவது கொடுக்க வேண்டியிருந்தது. 1909இல் லிஞ்ச் கம்பெனியை அரசின் ஆற்றுப் படகுகளோடு இணைக்க ஒரு திட்டம் வந்தது. ஆற்றை வெள்ளைக்காரனிடம் தூக்கிக் கொடுக்கிறார்கள் என்று உதுமானியப் பாராளுமன்றத்தில் பெரிய கூச்சல். அந்த ஆண்டின் முடிவில் பிரதமர் ஹில்மி பாஷா பதவி விலகினார். இதை 'பாராளுமன்ற அட்டை' ஆக்கினேன். ஒரு முறை எந்தப் பேரத்தையும் கலைக்கலாம். ஆனால் சாரின் மந்திரி ஒருவர் போய்விடுவார். மூன்று வாரத்தில் அன்றுதான் சார் முதல் முறையாகச் சிரித்தார்.

என் ரஷ்யாவைப் பற்றி ஒரு வரி போதும். 1910இல் ஜெர்மனியின் போட்ஸ்டாமில் ஜார் மன்னரும் ஜெர்மன் பேரரசர் கைசரும் சந்தித்தார்கள், 1911இல் கையெழுத்து. வடக்குப் பாரசீகம் எங்களுக்கு, ரயிலுக்கு இனி தடை சொல்லமாட்டோம். அதன் பிறகு எனக்கு ஆட்டத்தில் வேலை இல்லாததால் டீ போடப் போனேன்.

குவைத் அட்டை

மூன்றாவது பலகையின் இரண்டாவது ஆட்டம். அக்கா மகள் ஒன்பதாவது சுற்றில், பாராளுமன்ற அட்டையையும் தாண்டி, பஸ்ராவுக்குப் பக்கத்தில் வந்துவிட்டாள். அடுத்து கடற்கரை. குவைத்தில் ஒரு குச்சி வைத்தால் பாரசீக வளைகுடாவில் துறைமுகம். குச்சியைக் கையில் எடுத்தாள்.

மச்சான் ஒன்றும் பேசவில்லை. டீ டம்ளரை நகர்த்தி, சுங்க அட்டைக்குக் கீழே முதல் சுற்றிலிருந்தே குப்புறக் கிடந்த இன்னோர் அட்டையைத் திருப்பினார். '23 ஜனவரி 1899. குவைத்தை ஆளும் ஷேக் முபாரக். பிரிட்டன் சம்மதமில்லாமல் தன் நிலத்தில் ஒரு துண்டைக்கூட யாருக்கும் தரமாட்டார். 15,000 ரூபாய்.'

"அழுகுணி ஆட்டம்! இது எனக்குத் தெரியவே தெரியாதே!"

தெரியாதுதான். அது ரகசிய ஒப்பந்தம். 1900இல் ஜெர்மன் குழு ஒன்று ரயில் முனைக்கு இடம் கேட்டு குவைத்துக்கே போனது. முபாரக் பிடி கொடுக்கவில்லை. ஆட்டம் தொடங்கும் முன்பே எதிராளி பூட்டிவிட்ட கதவு அது. ரூபாயில் பணம் கொடுத்ததைக் கவனியுங்கள். வளைகுடா விவகாரத்தைப் பார்த்துக்கொண்டது பிரிட்டிஷ் இந்திய அரசு, அப்போதைய வைசிராய் கர்சன்.

இங்கே ஒரு சின்ன விலகல். 1913 டிசம்பரில் டைகிரிஸ், யூப்ரடீஸ் படகு உரிமைக்காகப் புதிய கம்பெனி அமைக்க ஒப்பந்தம் போட்டவர் இஞ்ச்கேப் பிரபு. பிரிட்டிஷ் இந்தியா ஸ்டீம் நேவிகேஷன் கம்பெனியின் தலைமைக்கு வந்தவர் அவர். தூத்துக்குடிக்காரர்களுக்கு அந்தக் கம்பெனியை அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. 1906இல் சுதேசிக் கப்பல் கம்பெனி தொடங்கிய வ.உ.சி. மோதியது அதனோடுதான். அதைச் சொன்னதும் மச்சான் பிரிட்டன் நாற்காலியிலிருந்து எழுந்துவிட்டார். "நான் ஆடல, வேற ஆளைப் பாரு" என்று அடம். பிஸ்கட் கொடுத்து உட்கார வைத்தோம்.

கடைசி ஆட்டம்

போன ஞாயிற்றுக்கிழமை முழு ஆட்டத்தையும் 1914 வரை கொண்டுபோனோம். மூன்றரை மணி நேரம். எனக்கே ஆச்சரியம், யாரும் சொல்லிக் கொடுக்காமலே அவர்கள் ஏறக்குறைய நிஜப் பேரத்துக்கே வந்து சேர்ந்தார்கள். பிரிட்டனும் உதுமானியரும் 1913 ஜூலை 29இல் போட்டது மாதிரி மச்சானும் சாரும் குவைத்தையும், டைகிரிஸும் யூப்ரடீஸும் சேர்ந்து கடலுக்குப் போகும் ஷத் அல்-அரப் ஆற்றையும் பேசி முடித்தார்கள். அப்புறம் அக்கா மகள்: ரயில் பஸ்ராவோடு நிற்கும், வளைகுடாவுக்குப் போகாது. கம்பெனி நிர்வாகக் குழுவில் பிரிட்டிஷ்காரர் இரண்டு பேர். எந்த நாட்டுச் சரக்குக்கும் ஒரே கட்டணம். பதிலுக்கு மச்சான் டம்ளரை எடுத்து, சுங்க அட்டையைக் கொடுத்தார், 15 சதவீதம். நிஜத்தில் இதை லண்டனில் பிரிட்டிஷ் வெளியுறவு மந்திரி எட்வர்ட் கிரேயும் ஜெர்மன் தூதர் லிக்னோவ்ஸ்கியும் 1914 ஜூன் 15இல் முடித்தார்கள். பாக்தாத்திலிருந்து வடக்கே முதல் 62 கி.மீ. பாதை திறந்ததும் அதே மாதம்.

எல்லோரும் கைகுலுக்கிக்கொண்டார்கள். நான் கடைசி அட்டையைத் திருப்பினேன்: ஜூன் 28, சரயேவோ. ஆஸ்திரிய இளவரசர் சுடப்பட்டு, முதல் உலகப் போருக்குப் பொறி விழுந்த நாள்.

"அப்ப இவ்ளோ நேரம் பேசினது?" என்றாள் அக்கா மகள்.

சார் ஒப்பந்தத் தாளைக் கையில் எடுத்துப் பார்த்தார். "சுருக்கொப்பம்தானே போட்டிருக்கீங்க. முழுக் கையெழுத்து எங்க?"

அதேதான். முழுக் கையெழுத்தாகி அமலுக்கு வரும் முன்பே ஆகஸ்டில் போர் வந்துவிட்டது. நவம்பர் 6இல் பிரிட்டிஷ் இந்தியப் படை பஸ்ராவுக்குக் கீழே கடலோரத்தில் உள்ள ஃபாவ் முனையில் இறங்கியது, 22இல் பஸ்ரா. ஆற்றில் மேலே போக அவர்களுக்கு உதவியவற்றில் மெஜிதியேவும் பிளாஸ் லிஞ்சும் உண்டு. என் பச்சை, மஞ்சள் பொத்தான்கள்.

இப்போதைக்குத் தீராத சிக்கல் மதிப்பெண். போர் வந்ததும் எல்லோருக்கும் பூஜ்யம் என்றால் மூன்றரை மணி நேரம் உட்கார்ந்தவர்கள் சண்டைக்கு வருவார்கள். போர் தொடங்கும்போது உள்ள குச்சிகளை மட்டும் எண்ணலாமா என்று பார்க்கிறேன். பாதையில் டாரஸில் இடைவெளி, அமானஸ் மலையில் இடைவெளி, பாக்தாத்துக்கு மேலே உள்ள சமாராவுக்கு வடக்கே பெரிய இடைவெளி. இஸ்தான்புல்லிலிருந்து பாக்தாத்துக்கு ரயில் முழுசாக ஓடியது 1940இல்தான். அதுவரை ஆட முடியாது. சரயேவோ அட்டையைக் கடைசி ஐந்து அட்டைக்குள் கலைத்துப் போட்டுவிடலாம் என்கிறாள் அக்கா மகள். எப்போது வரும் என்று தெரியாவிட்டால் மச்சான் சுங்க அட்டையை இவ்வளவு நேரம் அமுக்கி வைத்திருக்க மாட்டார் என்பது அவள் கணக்கு. அடுத்த ஞாயிறு அப்படி ஆடிப் பார்க்கிறோம். தீக்குச்சி ஃபேன் காற்றில் உருளுகிறது, ஈர்க்குச்சிக்கு மாற வேண்டும். சார் இந்த முறை தனக்கு பிரிட்டன்தான் வேண்டும் என்று இன்றைக்கே சொல்லிவிட்டுப் போயிருக்கிறார்.