டாக்டர் சொல்லட்டும் என்றேன்

குளவி கொட்டிய பையனை ஹாஸ்டலிலிருந்து நான் நர்ஸாக இருக்கும் பள்ளி சிக் ரூமுக்குத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். ஏழாவது படிக்கிறவன். உதடு வீங்கி, உடம்பெல்லாம் தடித்துப் போயிருந்தது. வழியிலேயே இரண்டு தடவை வாந்தி. மூச்சு விடும்போது விசில் சத்தம் வேறு. நான் அலர்ஜிக்குப் போடும் அவில் ஊசியை எடுத்தேன். பக்கத்தில் நின்ற சின்ன சிஸ்டர் வேலைக்குச் சேர்ந்து ஆறு மாதம்தான் ஆகிறது. மெதுவாகக் கேட்டாள்: "அக்கா, தொடையில அட்ரினலின் போட்டுரலாமா?"

"டாக்டர் சொல்லட்டும்மா" என்றேன்.

மூன்று மாதமாக இதையேதான் திரும்பத் திரும்ப நினைத்துக்கொண்டிருக்கிறேன்.

டாக்டர் முதல் தடவை போனை எடுக்கவில்லை. இரண்டாவது தடவை எடுத்தவர், "அட்ரினலின் போட்டாச்சா?" என்றுதான் முதலில் கேட்டார். அதற்குள் ஆறேழு நிமிஷம் போயிருக்கும். 30 கிலோ எடை, 0.3 மில்லி. அவள்தான் போட்டாள். கொஞ்ச நேரத்தில் விசில் சத்தம் குறைந்தது. 108 வந்தது, ஆஸ்பத்திரியில் ஒரு ராத்திரி வைத்திருந்து அனுப்பினார்கள். பையன் இப்போது நன்றாக இருக்கிறான்.

என் பக்கமும் நியாயம் இல்லாமல் இல்லை. டாக்டர் இல்லாதபோது என்ன மருந்து போடலாம் என்று எங்கள் சிக் ரூமில் எழுத்தில் எதுவும் கிடையாது. ஏதாவது ஆகியிருந்தால் கேள்வி என் பதிவு எண்ணுக்குத்தான் வரும். அப்புறம், நான் நர்சிங் டிப்ளமோ படித்துத் தேறி 22 வருஷம் ஆகிறது. அந்தக் காலத்தில் வார்டில் நான் பார்த்ததெல்லாம் முதலில் அவில், டெக்காட்ரான் என்ற ஸ்டீராய்டு, பி.பி. இறங்கினால்தான் அட்ரினலின், அதுவும் கையில் தோலுக்கடியில். அவில் அரிப்பையும் தடிப்பையும் குறைக்கும், அடைபடுகிற மூச்சைத் திறக்காது. தொடைத் தசையில் போடும் அட்ரினலின்தான் சீக்கிரம் ரத்தத்தில் கலந்து அந்த வேலையைச் செய்யும். இதெல்லாம் பின்னால் வந்த பாடம், எனக்கு யாரும் சொல்லித் தரவில்லை என்று மனதைத் தேற்றிக்கொண்டேன்.

அது உண்மையில்லை. அந்த வாரமே என் ஃபைலை எடுத்துப் பார்த்தேன். நர்ஸ் பதிவைப் புதுப்பிக்க ஐந்து வருஷத்தில் 150 மணி நேரம் தொடர்கல்வி காட்ட வேண்டும். நான் போன வகுப்புக்கெல்லாம் சான்றிதழ் இருக்கிறது. தொற்றுத் தடுப்பு, வென்டிலேட்டர் பராமரிப்பு, மருத்துவக் கழிவு என்று பெரும்பாலும் பெரிய ஆஸ்பத்திரிக்கான வகுப்புகள். பள்ளிக்கூட சிக் ரூமைப் பற்றி ஒன்றுகூட இல்லை. ஆனால் ஒரு கருத்தரங்கின் கையேட்டில் ஓரமாக என் கையெழுத்து: "தொடை. தசையில். முதலில் இதுதான்." அடிக்கோடு வேறு போட்டிருக்கிறேன்.

அப்படியானால் எனக்குத் தெரிந்திருக்கிறது. தெரிந்தது ஏன் கைக்கு வரவில்லை? பழக்கமா, பயமா? அதை எந்த வகுப்பில் போய்ச் சரிசெய்வது?

அவளிடமும் பேசினேன். "நீ ஏன்மா இன்னொரு தடவை சொல்லல?" "நீங்க சீனியர், இத்தனை சர்ட்டிபிகேட் வச்சிருக்கீங்க. நான் படிச்சதுதான் தப்போன்னு நினைச்சேன் அக்கா" என்றாள். அதுதான் என்னைத் தூங்கவிடவில்லை. அவள் சரியாகத்தான் படித்திருந்தாள். அவள் வாயை அடைத்தது என் ஃபைல்.

இப்போது டாக்டரிடம் எழுதி வாங்கி, எடைக்கு எவ்வளவு என்று அலமாரிக் கதவில் ஒட்டிவிட்டோம். அடுத்த தடவை போனைத் தேடாமல் அட்ரினலின் ஆம்பூலை உடைப்பேனா என்று கேட்டால், உடைப்பேன் என்றுதான் நினைக்கிறேன்.

அடுத்த மாதம் குழந்தைகளுக்கான அவசர சிகிச்சை பற்றி ஒரு நாள் வகுப்பு இருக்கிறது. பள்ளியிலிருந்து ஒருவரைத்தான் அனுப்புவார்கள். அவளுக்குப் பதிவைப் புதுப்பிக்க இன்னும் நாலு வருஷம் இருக்கிறது, எனக்கு 12 மணி நேரம் குறைகிறது. என் பெயரை எழுதிக் கொடுத்திருக்கிறேன். கற்றுக்கொள்ளத்தான் போகிறேன் என்று அவளிடம் சொன்னேன். "சரிக்கா" என்றாள்.