தனியார் மண் கரைக்கு அபாய வகைப்பாடு: கோப்பை ஏற்க வைத்த பாடு

சோழவரம் தாண்டி ஒரு பட்டா நிலம். அதில் 3 ஏக்கர் நீர்ப்பரப்புள்ள குட்டை, தரைக்கு மேல் 3 மீட்டர் மண் கரை. அந்தக் கரைக்கு அபாய வகை குறித்து அறிக்கை எழுதி அலுவலகத்தில் ஏற்க வைப்பதுதான் எங்கள் வேலை. மட்டம் எடுப்பது, மண் பரிசோதனை எல்லாம் சட்டென்று முடிந்தன. அலுவலக மேசையில்தான் இழுத்தடித்தார்கள்.

"இது அணைச் சட்டத்துலயே வராது சார், எடுத்துட்டுப் போங்க." பாதிதான் உண்மை. 2021 அணை பாதுகாப்புச் சட்டம் 15 மீட்டரைத் தாண்டும் அணைகளையும், 10 முதல் 15 மீட்டருக்குள் இருந்து 500 மீட்டர் நீளம், 10 லட்சம் கன மீட்டர் கொள்ளளவு போன்ற நிபந்தனைகளில் ஒன்றில் சிக்குபவற்றையும்தான் தனியாகக் குறிப்பிடுகிறது. ஆனால் மற்ற அணைகளின் உரிமையாளருக்கும் பாதுகாப்புப் பொறுப்பு உண்டு என்பதும் அதே சட்டத்தில் இருக்கிறது. அந்தப் பக்கத்தை அச்செடுத்துக் கோப்பின் மேலேயே வையுங்கள். வாய்ப்பேச்சு எடுபடாது.

அடுத்த கேள்விதான் எரிச்சல். "கரை நல்லா இருக்குன்னு நீங்களே எழுதிட்டு, உயர் அபாயம்னும் போட்டிருக்கீங்களே?" கரை எவ்வளவு உறுதி என்பது வேறு, உடைந்தால் கீழே என்ன ஆகும் என்பது வேறு. அபாய வகை இரண்டாவதை மட்டுமே பார்க்கிறது. வெளிப்புறச் சரிவுக்குக் கீழே மனைப்பிரிவு வந்து குடும்பங்கள் குடியேறிவிட்டால், புத்தம்புதுக் கரைக்கும் உயர் வகைதான். இரண்டையும் தனித்தனி அறிக்கையாகக் கொடுத்த பிறகே கோப்பு நகர்ந்தது.

கொள்ளளவில் கவனம் தேவை. தோண்டிய பள்ளத்து நீர் உடைப்பில் வெளியே வராது; தரைமட்டத்துக்கு மேல் நிற்பதை மட்டும் எடுங்கள். இங்கே 2 மீட்டர், அதாவது சுமார் 24,000 கன மீட்டர். அணை உடைந்தால் எவ்வளவு நீர் பாயும் என்று கணிக்கும் ஃப்ரோலிக் 1995 சூத்திரத்தில் போட்டால் உடைப்பின் உச்ச ஓட்டம் விநாடிக்கு ஏறக்குறைய 28 கன மீட்டர். சின்னக் குட்டைதானே என்றவர்கள் இந்த எண்ணைப் பார்த்ததும் நிமிர்ந்து உட்கார்ந்தார்கள்.

வீணான அலைச்சல் புல வரைபடத்தால் வந்தது. கலங்கலில், அதாவது குட்டை நிரம்பினால் உபரி நீர் வழியும் இடத்தில், இருந்து நீர் போகும் வாய்க்கால், புறம்போக்காக வரைபடத்தில் தெளிவாக இருக்கிறது. தரையில் அதன்மேல் சாலை. உபரி நீர் எங்கே போகும் என்று காட்டாமல் எந்த அறிக்கையும் நிற்காது. அலுவலகத்துக்குப் போவதற்கு முன் வாய்க்காலை முழுக்க நடந்து பார்த்துவிடுங்கள்.

ஆய்வுக்குக் குட்டை நிரம்பி நிற்கும் மார்கழிதான் சரி. கோடையில் போனால் கசிவே தெரியாது. மதகுக் குழாய் வெளியே வரும் இடத்தில் குனிந்து பாருங்கள். தெளிந்த நீர் என்றால் அளந்து குறித்துவைத்துத் தொடர்ந்து கவனியுங்கள். நீர் கலங்கி வந்தால் கரைக்குள் மண் அரிக்கிறது. களிமண்ணை அப்பி வெளிப்பக்கம் அடைக்கவே கூடாது; நீர் வேறு வழி தேடும். முதலில் மணல், அதன்மேல் சல்லி போட்டு நீரை மட்டும் வெளியே விடுங்கள், உடனே குட்டையின் மட்டத்தையும் இறக்குங்கள். கரையில் முளைத்த சீமைக்கருவேலத்தை வெட்டி வேரை விட்டால் அது மக்கி உள்ளே ஓட்டை விழும். வேரோடு எடுத்து, 15 செ.மீ. அடுக்குகளாக மண் போட்டு இறுக்க வேண்டும்.

இன்னொன்று: கூடுதல் நீர் தேக்கக் கலங்கல் மேல் மணல் மூட்டை அடுக்கும் வழக்கம். அதனால் மட்டம் ஏறி மண் கரையின் தலைமேல் நீர் வழிந்தால் கரை தாங்காது. மூட்டைகளைப் புரட்டாசிக்குள் எடுத்துவிடச் சொல்லி அறிக்கையிலேயே எழுதினோம். உரிமையாளரின் கையெழுத்தும் அந்தப் பக்கத்தில் வாங்கியாயிற்று.