எங்கள் பூனை சான்று ஆகாது

விக்கிப்பீடியாவில் யார் வேண்டுமானாலும் எழுதலாம் என்பதை நான் சற்று அதிகமாகவே நம்பிவிட்டேன். கணக்குத் தொடங்கிய அன்றே, வழிகாட்டல் பக்கங்களைப் படிக்காமலும், எழுதிப் பழகுவதற்கென்றே மணல்தொட்டி என்று ஒரு பக்கம் இருப்பதை அறியாமலும், நேராகப் பூனை பற்றிய கட்டுரைக்குள் நுழைந்து, 'பூனைகளுக்கு இனிப்பு மிகவும் பிடிக்கும்' என்று ஒரு வரியைச் சேர்த்துச் சேமித்தேன். எங்கள் பூனை ஐஸ்கிரீம் கிண்ணத்தை நக்கியே கழுவி வைப்பதை ஆறு ஆண்டுகளாகக் கண்ணால் கண்டுவருபவன் நான்.

கால் மணி நேரத்தில் வரி காணாமற்போயிற்று. பக்கத்தின் வரலாற்றைத் திறந்தால், முன்பின் அறியாத பயனர் ஒருவர், மாற்றத்துக்கான காரணத்தை எழுதும் தொகுப்புச் சுருக்கத்தில் 'சான்று இல்லை' என்று இரண்டே சொற்களில் காரியத்தை முடித்திருந்தார். மீளமைத்தேன், நீக்கினார். மேற்கோள் இடத்தில் 'நேரில் கண்டது' என்று எழுதி மறுபடியும் மீளமைத்தேன், அதையும் நீக்கினார். மூன்றாம் முறை மீளமைத்த பிறகு என் பேச்சுப் பக்கத்தில் ஒரு செய்தி வந்தது. புதுப்பயனரான என்னை அன்புடன் வரவேற்ற அந்தச் செய்தி, ஒரே பக்கத்தில் 24 மணி நேரத்துக்குள் மூன்று முறைக்கு மேல் மீளமைத்தால் தொகுக்க முடியாமல் தடை விதிக்கப்படலாம் என்பதையும் அதே மூச்சில் தெரிவித்தது.

அதன்பின் உட்கார்ந்து விதிகளைப் படித்தேன். நாமே கண்டதற்கும் ஊகித்ததற்கும் அங்கே இடமில்லை. நம்பத்தக்க வெளியீடுகளில் ஏற்கெனவே வந்ததை மட்டும், படிப்பவர் சரிபார்க்கக்கூடிய மேற்கோளோடு எழுத வேண்டும். ஆறு ஆண்டுக் கண்காணிப்புக்கு 'சொந்த ஆய்வு' என்று பெயர். ஆய்வு என்று ஒப்புக்கொண்டார்களே என்று அற்ப மகிழ்ச்சியும் அடைந்தேன்.

ஆயினும் கட்டுரையின் உரையாடல் பக்கத்தில் நான்கு பத்திகளுக்கு வாதாடினேன். பதிலாக அவர் 2005-இல் வெளியான மரபணு ஆய்வு ஒன்றைக் காட்டினார். இனிப்பை உணரும் ஏற்பி உருவாக இரண்டு மரபணுக்கள் வேண்டும். பூனைகளில் அவற்றுள் ஒன்று செயலிழந்து கிடப்பதால், அவற்றுக்கு இனிப்புச் சுவையே தெரியாதாம். எங்கள் பூனையை ஈர்ப்பது ஐஸ்கிரீமின் கொழுப்பாக இருக்கலாம் என்றும், எனினும் அது தம்முடைய ஊகம் என்பதால் கட்டுரையில் சேர்க்கப்போவதில்லை என்றும் முடித்திருந்தார். அப்படிப்பட்ட மனிதரோடு எப்படிச் சண்டை போடுவது?

சொந்த ஆய்வுக்குத்தான் தடை, சொந்தமாக எடுத்த படத்துக்கு இல்லை என்பதும் விதிகளிலேயே இருந்தது. எங்கள் பூனையின் படம் ஒன்றைக் யாரும் எடுத்துப் பயன்படுத்தக்கூடிய கட்டற்ற உரிமத்தில், விக்கிப்பீடியாவுக்கான படங்களைச் சேமிக்கும் பொதுவகத்தில் பதிவேற்றி, 'அறிவுக் களை சொட்டும் பூனை' என்ற விளக்கத்துடன் கட்டுரையில் இணைத்தேன். படத்தை யாரும் தொடவில்லை. விளக்கம் மட்டும் மறுநாள் காலையில் 'ஒரு பூனை' என்று மாறியிருந்தது.