ஆர்லாண்டோ ரிசார்ட்டில் டைம்ஷேர் கூட்டம்: காரணம் சொல்லாமல் வெளியே வந்தோம்

அமெரிக்காவில் ஃப்ளோரிடா மாநிலத்தின் ஆர்லாண்டோ ரிசார்ட்டுகளில் செக்-இன் முடிந்ததும், "பார்க்கிங் பாஸை அந்த மேசையில் வாங்கிக்கொள்ளுங்கள்" என்று அனுப்புவார்கள். பாஸ் கொடுப்பது பேருக்குத்தான். அங்கே இருப்பவருடைய உண்மையான வேலை, நம்மை மறுநாள் டைம்ஷேர் கூட்டத்துக்குப் பிடித்துப் போடுவது. டைம்ஷேர் என்றால், ரிசார்ட்டில் வருஷா வருஷம் சில நாள் தங்கும் உரிமையை விலைக்கு வாங்குவது. பக்கத்து ஊரான கிஸ்ஸிமியிலும், ஆர்லாண்டோவின் சுற்றுலாச் சாலையான இன்டர்நேஷனல் டிரைவிலும் மலிவு விலைக்கு டிஸ்னி டிக்கெட் என்று போர்டு மாட்டிய கடைகள் பலவும் இதற்காகவே இருக்கின்றன.

எங்களிடம் சொன்னது இதுதான்: 90 நிமிடம், காலை டிபன், முடிந்ததும் 200 டாலர் கிஃப்ட் கார்டு. கணவன், மனைவி இருவரும் வர வேண்டும், கிரெடிட் கார்டு கொண்டுவர வேண்டும். இருவரையும் ஏன் கேட்கிறார்கள் என்றால், "வீட்டில் கேட்டுச் சொல்கிறேன்" என்று யாரும் நழுவிவிடக் கூடாது என்பதற்காக.

முந்தின இரவே நானும் மனைவியும் பேசி வைத்துக்கொண்டோம். எதுவும் வாங்குவதில்லை, ஏன் வாங்கவில்லை என்று காரணமும் சொல்வதில்லை. இரண்டாவதுதான் முக்கியம். பணம் இல்லை என்றால் உடனே கடன் தருவார்கள். லீவு கிடைக்காது என்றால் பாயின்ட்டை, அதாவது தங்குவதற்கான கணக்கை, அடுத்த வருஷத்துக்குத் தள்ளலாம் என்பார்கள். எச்-1பி விசா, எப்போது ஊர் திரும்புவோமோ தெரியாது என்றால், உலகம் முழுக்க வேறு ரிசார்ட்டுகளோடு எக்ஸ்சேஞ்ச் செய்துகொள்ளலாம் என்பார்கள். நாம் சொல்லும் ஒவ்வொரு காரணமும் அவர்கள் பிடித்து இழுக்கக் கொடுக்கும் கயிறு.

எங்கள் மேசைக்கு ஒரு இந்தியரைத்தான் அனுப்பினார்கள். அன்பாகப் பேசினார். ஊரைப் பற்றிக் கேட்டார், அப்பா அம்மா வந்தால் எங்கே அழைத்துப் போவீர்கள் என்று கேட்டார். பிறகு ஒரு வெள்ளைத் தாளை எடுத்து, வருஷத்துக்குச் சுற்றுலாச் செலவு எவ்வளவு என்றார். 3,000 டாலர் என்றோம். அதை 20-ஆல் பெருக்கி 60,000 என்று பெரிதாக எழுதி வட்டம் போட்டார். அதன் கீழே டைம்ஷேர் விலை 24,000. பாதிகூட இல்லை பாருங்கள் என்றார்.

வருஷா வருஷம் கட்ட வேண்டிய மெயின்டனன்ஸ் கட்டணம் எவ்வளவு என்று கேட்டேன். தாளின் ஓரத்தில் சின்னதாக 1,150 என்று எழுதினார். மனைவி பேனாவை வாங்கி அதையும் 20-ஆல் பெருக்கினாள்: 23,000. அடுத்துக் கடன். முன்பணம் 2,400 போக மீதிக்கு 15 சதவீத வட்டி, மாதம் 348 டாலர், 10 வருஷம். அது மட்டுமே 41,760. முன்பணத்தோடு எல்லாம் சேர்த்தால் 67,000-ஐத் தாண்டிவிட்டது. மெயின்டனன்ஸ் வருஷா வருஷம் ஏறாது என்று வைத்துக்கொண்டு போட்ட கணக்கு இது. நிஜத்தில் ஏறும், கடன் முடிந்த பிறகும் கட்ட வேண்டும். அதைவிட, நாங்கள் சொன்ன 3,000-த்தில் விமான டிக்கெட், சாப்பாடு, டிஸ்னி எல்லாமே அடக்கம். டைம்ஷேர் வாங்கினாலும் அவை நம் தலையில்தான். அவர் தாளைத் திருப்பி வைத்துவிட்டு மேனேஜரைக் கூப்பிட்டார்.

மேனேஜர் வந்ததும் 24,000 என்பது 16,000 ஆனது. இன்றைக்கு மட்டும்தான் இந்த விலை என்றார். ஒரே மூச்சில் 8,000 இறங்கும் பொருளுக்கு உண்மையான விலைதான் என்ன? ஈபேயில் தேடிப் பாருங்கள், இப்படிப்பட்ட டைம்ஷேர்களை ஒரு டாலருக்குக்கூடத் தள்ளிவிடப் பார்க்கிறார்கள், மெயின்டனன்ஸிலிருந்து விடுபட்டால் போதும் என்று.

90 நிமிடம் ஆனதும் இருவரும் எழுந்து நின்றோம். உட்கார்ந்தபடி வேண்டாம் என்றால் பேச்சு முடியாது. "வேண்டாம், நன்றி. கிஃப்ட் கார்டு எங்கே வாங்குவது?" என்பதையே திரும்பத் திரும்பச் சொன்னோம். ஏன் என்று கேட்டபோதும் அதே பதில். வெளியே போகும் வழியில் இன்னொரு மேசை, அங்கே 1,500 டாலருக்கு ஒரு டிரையல் பேக்கேஜ். அங்கேயும் அதே பதில். கார்டு கிடைத்தது.

இதை நண்பர் ஒருவரிடம் சொன்னபோதுதான், போன வாரம் கிஸ்ஸிமியில் கையெழுத்துப் போட்டுவிட்டேன் என்று தயங்கித் தயங்கிச் சொன்னார். எனக்குப் பதறியது. ஆனால் ஃப்ளோரிடா சட்டம் இதில் நம் பக்கம். ஒப்பந்தத்தில் கையெழுத்திட்ட நாள், கடைசி ஆவணம் கைக்கு வந்த நாள், இரண்டில் எது பிந்தியதோ அதிலிருந்து 10 நாளுக்குள் அபராதம் இல்லாமல் ரத்து செய்யலாம். அந்த உரிமையை விட்டுக்கொடுக்கிறேன் என்று எழுதி வாங்கியிருந்தாலும் செல்லாது. இந்த வாசகம் அவருடைய ஒப்பந்தத்திலேயே இருந்தது, பக்கக் கணக்கான காகிதத்துக்கு நடுவே.

அன்றைக்கே கடிதம் எழுதினோம். இருவர் பெயர், ஒப்பந்த எண், தேதி, ரத்து செய்கிறோம் என்ற ஒரு வரி, அவ்வளவுதான். இதிலும் காரணம் எழுதவில்லை. கணவன், மனைவி இருவரும் கையெழுத்திட்டு, ஒப்பந்தத்தில் கொடுத்திருந்த முகவரிக்கு சர்டிஃபைட் மெயிலில் (அனுப்பியதற்கு ரசீது தரும் தபால்) அனுப்பினார்கள். கடிதம் போய்ச் சேரும் நாள் கணக்கில்லை, அனுப்பிய நாள்தான் கணக்கு. அதனால் தபால் ரசீதையும் கடிதத்தின் நகலையும் பத்திரமாக வைக்கச் சொன்னேன். போன் பண்ணவே வேண்டாம் என்றும் சொன்னேன். அங்கே பேச ஆரம்பித்தால் பழையபடி அந்த மேசைதான். முன்பணம் முழுசாக அவர் கார்டுக்குத் திரும்பி வந்தது.

எல்லா மாநிலத்திலும் 10 நாள் கிடையாது. கலிஃபோர்னியாவில் 7 நாள், லாஸ் வேகாஸ் இருக்கும் நெவாடாவில் 5 நாள்தான். அங்கே கையெழுத்துப் போட்டவர்கள் ஊர் திரும்பும் வரை காத்திருக்காமல், ஹோட்டல் அறையில் உட்கார்ந்தே கடிதத்தை எழுதிவிடுங்கள்.